மணமகனும் தாமஸ், மணமகளும் தாமஸ்: ஒரே குடும்பப் பெயர் உறவைக் குறிக்குமா?

கேள்வி:

ஐயா, நாங்கள் மார்த்தாண்டத்தைச் சேர்ந்தவர்கள். என் கணவரின் பெயர் தாமஸ். எங்கள் மகளின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரே பதிவாகியிருக்கிறது. பிரிட்டனில் வேல்ஸின் கார்டிஃப் நகரில் செவிலியராகப் பணிபுரியும் அவள், அங்கேயே பிறந்து வளர்ந்த வெல்ஷ் இளைஞர் ஒருவரைத் திருமணம் செய்துகொள்ளவிருக்கிறாள். அவருடைய குடும்பப் பெயரும் தாமஸ்தான். இது தெரிந்ததிலிருந்து உறவினர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒரே குடும்பப் பெயர் என்றால் பங்காளி முறை ஆகும் என்கிறார் ஒருவர். மாப்பிள்ளையின் முன்னோர் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களாக இருக்கலாம் என்கிறார் இன்னொருவர். வேதாகமப் பெயர் குடும்பப் பெயராக இருந்தால் யூத வம்சம் என்று பொருள் என்கிறார் மூன்றாமவர். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? அதன் பொருள் என்ன? உலகெங்கும் இத்தனை பேருக்கு அது இருப்பது ஏன்? அழைப்பிதழில் இருவர் பெயருக்குப் பின்னும் தாமஸ் என்று அச்சிட்டால் தவறாகத் தோன்றுமா?

(வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்)

பதில்:

அன்புள்ள அம்மா, முறை பற்றிய கவலையை முதலில் தீர்த்துவிடுகிறேன். உங்கள் மகளுக்கும் அந்த இளைஞருக்கும் பெயரால் எந்த உறவும் ஏற்படவில்லை. நம் ஊரில் பங்காளி என்று சொல்லி மண உறவைத் தவிர்ப்பது ஒரே தந்தைவழிக் கால்வழியில் வந்தவர்களிடையேதான். அந்தக் கால்வழியை இங்கே குடும்பமும் வீட்டுப்பெயரும் ஊரும் காட்டுகின்றனவே தவிர, பாஸ்போர்ட்டின் ஒரு கட்டம் காட்டுவதில்லை. உங்கள் மகளின் தாமஸ் அவளுடைய அப்பாவோடு தொடங்கியது. உங்கள் கணவரின் உடன்பிறந்தவர்களுடைய பிள்ளைகளுக்கே அது குடும்பப் பெயராக இருக்காது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையிலுள்ள 1949ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் யார் யாரை மணக்கக்கூடாது என்று ஒரு பட்டியல் தருகிறது. அதில் இரத்த உறவும் சில திருமணவழி உறவுகளும் உண்டு. குடும்பப் பெயர் அதில் ஒரு காரணமே அன்று.

மாப்பிள்ளை வீட்டுத் தாமஸ் எப்படி வந்திருக்கும் என்பதை அறிய, பெயரின் வேருக்குச் சற்றுப் போக வேண்டும். இயேசு பேசிய அரமேய மொழியில் 'தெஓமா' என்றால் இரட்டையர்களில் ஒருவர் என்று பொருள். ஆதியாகமத்தில் ரெபேக்காளின் வயிற்றில் இருந்த ஏசாவையும் யாக்கோபையும், தாமாரின் வயிற்றில் இருந்த பேரேசையும் சேராவையும் குறிக்க வரும் எபிரேயச் சொல்லும் இதே வேரைச் சேர்ந்ததுதான். ஆங்கிலத்தில் தாமஸ் எனப்படும் அப்போஸ்தலரை யோவான் சுவிசேஷம் 'திதிமு என்னப்பட்ட தோமா' என்று அறிமுகப்படுத்துகிறது. திதிமு என்பது அதே பொருளைத் தரும் கிரேக்கச் சொல். சிரியத் திருச்சபையின் பழைய மரபு இவரை 'யூதா தோமா' என்று அழைப்பதால், யூதா என்பதே அவருடைய இயற்பெயர் என்றும் தோமா என்பது அடையாளத்துக்காக வழங்கிய பட்டப்பெயர் என்றும் கருத இடம் இருக்கிறது. அவர் யாருடைய இரட்டையர் என்று வேதாகமம் சொல்லவில்லை. 'ஆழம்' என்று பொருள் கூறும் ஒரு விளக்கமும் இடைக்கால ஐரோப்பாவில் வழங்கியது. ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்துச் சொன்ன அந்த விளக்கத்தை மொழியறிஞர்கள் ஏற்பதில்லை. உறவினர் யாராவது அதைச் சொன்னால் பொருட்படுத்த வேண்டாம். நம்மவர்கள் இவரைச் சந்தேகத் தோமா என்றே நினைவில் வைத்திருப்பது எனக்கு எப்போதும் சற்று அநியாயமாகப் படும். 'அவரோடேகூட மரிக்கும்படி நாமும் போவோம்' என்று மற்றச் சீடர்களை முன்னே தள்ளியவரும் இவரே அல்லவா!

பட்டப்பெயராக இருந்த ஒரு சொல் ஐரோப்பாவின் வடமேற்கு மூலையில் குடும்பப் பெயரானதற்கு இன்னொரு தாமஸ் பெரிய காரணம். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதற்கு முன்பு அந்த நாட்டில் இது குருமாரின் பெயராக மட்டுமே காணப்படுகிறது. நார்மானியர் வந்த பிறகு பொதுமக்களும் பிள்ளைகளுக்கு இதைச் சூட்டத் தொடங்கினர். அப்படி லண்டன் வணிகர் ஒருவரின் வீட்டில், அப்போஸ்தலர் தோமாவின் பழைய திருநாளான டிசம்பர் 21 அன்று பிறந்ததால் தாமஸ் என்று பெயர் பெற்ற ஒருவர், பின்னாளில் கேன்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட் ஆனார். அரசர் இரண்டாம் ஹென்றியோடு மோதிய அவர் 1170 டிசம்பர் 29 அன்று தம் பேராலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். 1173இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். கேன்டர்பரி பெரும் யாத்திரைத் தலமாக மாறியதோடு நாடெங்கும் தாமஸ்கள் பெருகினர். எட்டாம் ஹென்றியின் அரசவையைப் பாருங்கள்: வோல்சி, மோர், குரோம்வெல், கிரான்மர் என்ற நான்கு பெரும்புள்ளிகளுக்கும் இயற்பெயர் தாமஸ்தான். அதே ஹென்றி 1538இல் பெக்கெட்டின் சமாதியை இடிக்கச் செய்து, வழிபாட்டு நூல்களிலிருந்து அவர் பெயரை அழிக்க ஆணையிட்டார். ஆனால் அப்போஸ்தலரின் பெயரும் அதுவாகவே இருந்ததால் பெயர் மட்டும் தப்பித்துக்கொண்டது. தற்செயலாக, அதே 1538இல்தான் ஒவ்வொரு தேவாலயப் பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்குப் பதிவேடு வைக்க வேண்டும் என்று தாமஸ் குரோம்வெல் உத்தரவிட்டார். இன்று குடும்ப வரலாறு தேடும் எங்களைப் போன்றவர்கள் அந்த உத்தரவின் பலனைத்தான் அனுபவிக்கிறோம்.

இங்கிலாந்தில் ஏறத்தாழ 1400ஆம் ஆண்டுக்குள் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பரம்பரைப் பெயர் நிலைபெற்றுவிட்டது. அங்கே தாமஸின் மகன் வழியினர் தாம்சன், டாம்லின்சன், டாம்கின்ஸ் என்று பல உருவங்களில் பிரிந்தனர். ஸ்காட்லாந்தின் மக்டாவிஷும் தாமஸின் மகன் என்பதே.

வேல்ஸின் கதை வேறு. உங்களுக்கு அது புதிதாகத் தோன்றாது. வெல்ஷ் மக்களுக்கு நம்மைப் போலவே நெடுங்காலம் குடும்பப் பெயர் கிடையாது. தம் பெயரோடு தந்தையின் பெயரைச் சேர்த்துச் சொல்வதே வழக்கம். நடுவில் மகன் என்பதைக் குறிக்கும் 'ஆப்' என்ற சொல் வரும், உயிரெழுத்துக்கு முன் அதன் கடைசி ஒலி ஆங்கில 'b' போல மெலிந்து ஒலிக்கும். 1485இல் பாஸ்வொர்த் போர்க்களத்தில் ஏழாம் ஹென்றியின் பக்கம் நின்ற வெல்ஷ் பிரபு சர் ரீஸ் ஆப் தாமஸ் என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். தாமஸ் அவருடைய தந்தையின் பெயர். ஆகவே அவருடைய மகன் க்ரிஃபித் ஆப் ரீஸ் ஆனார்; பேரன் ரீஸ் ஆப் க்ரிஃபித் ஆனார். அந்தப் பேரன் 1531இல் எட்டாம் ஹென்றியின் ஆணைப்படி தலை வெட்டப்பட்டார். பிற்காலத்தில் அவ்வழியினர் 'ரைஸ்' என்பதையே நிலையான குடும்பப் பெயராக ஏற்றனர். தாமஸ் என்ற பெயர் அந்தப் புகழ்பெற்ற குடும்பத்தில் ஒரு தலைமுறைக்குப் பின்னொட்டாக நின்று மறைந்துவிட்டது. இன்று கார்மார்த்தன் நகரின் புனித பேதுரு ஆலயத்தில் சர் ரீஸின் கல்லறையைப் பார்த்துவிட்டு, தம் பெயரும் தாமஸ் என்பதால் தாம் அவருடைய வாரிசு என்று நினைப்பவர்கள் உண்டு. பெயரை மட்டும் நம்பினால் இப்படித்தான் வழி தவறும்.

இந்த முறை மாறத் தொடங்கியது 16ஆம் நூற்றாண்டில். 1536, 1543 ஆண்டுகளின் சட்டங்களால் வேல்ஸ் இங்கிலாந்தின் ஆட்சி அமைப்போடு இணைக்கப்பட்டு, நீதிமன்றங்களின் மொழி ஆங்கிலமானது. குடும்பப் பெயர் வைத்தே தீர வேண்டும் என்று அச்சட்டங்கள் சொல்லவில்லை. ஆயினும் ஆங்கிலேய எழுத்தர்களுக்கு நீண்ட வம்சவரிசைப் பெயர்கள் தொல்லையாக இருந்தன. நிலக்கிழார்களுக்கோ ஆங்கில வழக்கம் கௌரவமாகத் தோன்றியது. எனவே மேல்தட்டினர் முதலில் தந்தையின் பெயரை அப்படியே உறையச் செய்தனர். ஆப் ரீஸ் பிரைஸ் ஆயிற்று. ஆப் ஹவெல் பவல் ஆயிற்று. ஆப் ஹ்யூ பியூ ஆயிற்று. பலர் 'ஆப்' என்பதை விட்டுவிட்டு ஆங்கில முறைப்படி கடைசியில் ஓர் 'ஸ்' சேர்த்துக்கொண்டனர்: ஜானின் மகன் ஜோன்ஸ், வில்லியமின் மகன் வில்லியம்ஸ். தாமஸில் அந்த 'ஸ்' முன்பே இருந்ததால் எதையும் சேர்க்கத் தேவைப்படவில்லை. ஆகவே இயற்பெயரும் குடும்பப் பெயரும் எழுத்து மாறாமல் ஒன்றாகவே நின்றன.

சாதாரண உழவர்களிடமும் கூலிகளிடமும் இந்த மாற்றம் மிக மெதுவாகத்தான் வந்தது. மேற்கு வேல்ஸின் நாட்டுப்புறப் பங்குகளில் 18ஆம் நூற்றாண்டுப் பதிவேட்டைத் திறந்தால் தந்தை பெயர் தாமஸ் எவன் என்றும், மகன் பெயர் எவன் தாமஸ் என்றும், பேரன் பெயர் மறுபடியும் தாமஸ் எவன் என்றும் மாறிமாறி வருவதைக் காணலாம். பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைத்துத் தந்தையின் பெயரைச் சேர்க்கும் பழக்கத்தின் விளைவு அது. நாகர்கோவில் பக்கத்துச் சபைப் பதிவேடுகளிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். சில இடங்களில் 19ஆம் நூற்றாண்டு வரையும் இந்த வழக்கம் நீடித்தது. 1837 ஜூலை முதல் நாள் அரசுப் பிறப்பு இறப்புப் பதிவு தொடங்கிய பிறகு, அந்தச் சமயத்தில் எந்தப் பெயர் பின்னால் நின்றதோ அதுவே பரம்பரைக்கும் ஒட்டிக்கொண்டது. ஆகவே வேல்ஸில் தாமஸ் என்ற குடும்பப் பெயருக்கு ஒரே மூலபுருஷர் இல்லை. வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு காலங்களில், ஒருவரையொருவர் அறியாத நூற்றுக்கணக்கான தாமஸ்களின் பிள்ளைகள் தனித்தனியே அடைந்த பெயர் அது. அண்டை வீட்டுத் தாமஸும் எதிர்வீட்டுத் தாமஸும் அங்கேயே உறவினர் அல்லர் என்னும்போது, மார்த்தாண்டத்துத் தாமஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மற்ற இரண்டு ஐயங்களுக்கு இதிலேயே பாதி விடை வந்துவிட்டது. கேரளத் தொடர்பு என்ற ஊகத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. அப்போஸ்தலர் கி.பி. 52இல் கொடுங்கல்லூர்ப் பகுதியில் கரையிறங்கினார் என்பதும் மயிலாப்பூரில் மறைசாட்சியாக இறந்தார் என்பதும் அங்குள்ள கிறிஸ்தவர்களின் தொன்மரபு. சாந்தோமும் பரங்கிமலையும் அவர் பெயரால் தலங்கள் ஆயின. கேரளத்தில் தொம்மன், தோமாச்சன், மாம்மன் என்று இப்பெயர் பல வடிவங்களில் வழங்குகிறது. ஆனால் அங்கேயும் தாமஸ் என்பது நிலையான குடும்பப் பெயராக இருப்பது அரிது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த பி. ஜே. தாமஸை நினைத்துப் பாருங்கள்: பி என்பது வீட்டுப்பெயர், ஜே என்பது ஜோசப், கடைசியில் நிற்கும் தாமஸோ அவருடைய சொந்தப் பெயர். ஓர் ஆங்கிலேயர் அதைக் குடும்பப் பெயர் என்றே படிப்பார். பிரிட்டனில் இன்று வாழும் தாமஸ்களில் மலையாளிகளும் இருக்கிறார்கள். ஆனால் பல தலைமுறையாக வேல்ஸில் வாழும் ஒரு குடும்பத்துக்கு அந்தப் பெயர் வர கேரளம் தேவையே இல்லை.

யூத வம்சம் என்பதும் அவ்வாறே. கோஹன், லேவி ஆகிய குடும்பப் பெயர்கள் யூதர்களிடையே குருமரபையும் லேவியர் மரபையும் குறிப்பவை; அவற்றைக் கண்டு யூதப் பின்னணியை எதிர்பார்ப்பது நியாயம். தாமஸ் புதிய ஏற்பாட்டுச் சீடர் ஒருவரின் பெயராகக் கிறிஸ்தவர்களிடையே பரவியது. வேல்ஸில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அங்கே 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலிக்கன் சபையிலிருந்து பிரிந்த சிற்றாலயங்கள் ஊருக்கு ஊர் எழுந்தன. வேதாகம வாசிப்பு வீடுகளில் அன்றாடப் பழக்கமாயிற்று. பழைய ஏற்பாட்டுப் பெயர்கள் பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டன. தந்தை பெயர் பின்னொட்டாக நிற்கும் வழக்கமும் அப்போது முழுவதும் ஒழிந்துவிடவில்லையாதலால் ஐசக், சாமுவேல், டேனியல், எலியாஸ், ஜெரமையா என்பன வெல்ஷ் குடும்பப் பெயர்கள் ஆயின. அப்பெயருடையோரை யூதர் என்று வெளியூரார் எண்ணுவது அங்கே பழகிப்போன குழப்பம். கன்னியாகுமரி மாவட்டத்துச் சபைகளில் இதே பெயர்கள் இதே காலத்தில் மிஷனரிகளின் வழியே வேரூன்றியதால், மாப்பிள்ளை வீட்டாரின் பழைய குடும்பப் பட்டியலைப் பார்த்தால் உங்கள் வீட்டுப் பட்டியலைப் பார்ப்பது போலவே இருக்கலாம்.

எத்தனை பேருக்கு இந்தப் பெயர் இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டையும் சேர்த்துப் பார்க்கையில் மிகப் பரவலான முதல் பத்துக் குடும்பப் பெயர்களுள் தாமஸ் ஒன்று. தெற்கு வேல்ஸில், குறிப்பாகக் கிளமார்கன், கார்மார்த்தன், பெம்ப்ரோக் பகுதிகளில் இது மிகவும் செறிவு. ஸ்வான்சியில் பிறந்த கவிஞர் டிலன் தாமஸும், கார்டிஃபில் பிறந்து ஆங்கிலிக்கன் குருவாகவும் கவிஞராகவும் விளங்கிய ஆர். எஸ். தாமஸும், 2018இல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் வென்ற கார்டிஃப்காரர் கெரைன்ட் தாமஸும் அந்த மண்ணின் தாமஸ்கள். ஒருவருக்கொருவர் உறவினர் அல்லர். பிரான்சிலும் மிகப் பரவலான முதல் ஐந்து குடும்பப் பெயர்களுள் இது வருகிறது. அங்கு இது வேல்ஸிலிருந்து போனதன்று. அதே அப்போஸ்தலரின் பெயரிலிருந்து தனியாக உருவானது.

அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 7,56,142 பேர் இப்பெயரோடு பதிவாகி, இது நாட்டின் 16ஆவது பரவலான குடும்பப் பெயராக நின்றது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பென்சில்வேனியாவில் குடியேறிய, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த வெல்ஷ் மக்கள் ஒரு தொடக்கம். பின்னர் இரும்பும் நிலக்கரியும் மேலும் பலரை அழைத்துச் சென்றன. நீத் நகரின் அருகே பிறந்த டேவிட் தாமஸ் 1839இல் பென்சில்வேனியாவுக்குப் போய், மறு ஆண்டே ஆந்த்ரசைட் என்ற கடினமான நிலக்கரியைக் கொண்டு இரும்பு உருக்கிக் காட்டினார். அமெரிக்கத் தாமஸ்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் கறுப்பின மக்கள் என்பதையும் சொல்ல வேண்டும். உச்ச நீதிமன்ற நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் அவர்களுள் ஒருவர். அடிமைமுறை ஒழிந்த காலத்தில் அவர்களுடைய முன்னோர் சிலர் பழைய எஜமானரின் பெயரை வைத்துக்கொண்டனர். சிலர் தாமே வேறு பெயரைத் தேர்ந்தெடுத்தனர். சிலருக்குத் தந்தையின் இயற்பெயரே குடும்பப் பெயராயிற்று.

மாப்பிள்ளையின் பின்னணியை மரியாதையோடு அறிந்துகொள்ள விரும்பினால், பெயரைப் பற்றிக் கேட்காமல் ஊரைப் பற்றிக் கேளுங்கள். தாத்தா பாட்டி எந்த ஊர், எந்தச் சிற்றாலயத்துக்குப் போனார்கள், எந்தப் பண்ணையில் அல்லது எந்தச் சுரங்கத்தில் வேலை செய்தார்கள், பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன என்பவையே அங்கே ஒரு தாமஸை இன்னொரு தாமஸிடமிருந்து பிரித்துக் காட்டும். வெல்ஷ் கிராமங்களிலும் பண்ணையின் பெயரையோ தொழிலையோ சேர்த்துத்தான் ஆளை அடையாளம் சொல்வார்கள். அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகம் 1858க்கு முந்தைய வெல்ஷ் உயில்களை இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கத் தருகிறது. ஊர் தெரிந்தால் அதில் தேடலாம். தாமஸ் என்பதை மட்டும் வைத்துத் தேடினால் கடலில் இறங்கியது போலாகிவிடும். உங்கள் பக்கத்திலும் இதே வேலை இருக்கிறது. கணவரின் தந்தை, தாத்தா, அவர்களுடைய வீட்டுப்பெயர், ஞானஸ்நானம் பெற்ற சபை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி மகளிடம் கொடுங்கள். பேரப்பிள்ளைகளின் பெயருக்குப் பின்னால் தாமஸ் என்றுதான் இருக்கும். அது அப்பா வழியா அம்மா வழியா என்ற கேள்வி எழும்போது அந்தத் தாள் வேண்டியிருக்கும்.

அலுவல் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, திருமணத்துக்கு முன் பதிவாளரிடம் அறிவிப்புக் கொடுக்கும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுத வேண்டும். 2021 மே மாதம் முதல் அங்கே மணமக்களின் தாய் தந்தை இருவர் பெயரும் திருமணப் பதிவில் சேர்க்கப்படுகின்றன. உங்கள் கணவரின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக அவருடைய அப்பாவின் பெயர் இருந்தால், மகளின் குடும்பப் பெயரும் தந்தையின் குடும்பப் பெயரும் ஏன் வேறுபடுகின்றன என்று பதிவாளர் கேட்கக்கூடும். தந்தையின் இயற்பெயரே பிள்ளையின் குடும்பப் பெயராகும் எங்கள் வழக்கம் என்று மகள் விளக்கினால் போதும். பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்திருப்பது நல்லது. இரண்டாவது, திருமணத்துக்குப் பிறகு பெயர் மாற்றம் எதுவும் தேவைப்படாது. ஆனால் பாஸ்போர்ட்டிலுள்ள தாமஸ் கணவரால் வந்தது என்று சில அலுவலகங்கள் தாமாகவே எண்ணி, 'முந்தைய குடும்பப் பெயர்' என்ற கட்டத்தை நிரப்பச் சொல்லும். அங்கே வேறு பெயர் எதையும் எழுதிவிடாமல், முன்பும் தாமஸ்தான் என்பதைத் தெளிவாகக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

அழைப்பிதழுக்கு வருகிறேன். தமிழ் அழைப்பிதழில் மகளின் பெயரை வீட்டு வழக்கப்படி தலைப்பெழுத்தோடு போட்டு, இன்னாரின் மகள் என்று உங்கள் இருவர் பெயரையும் எழுதுங்கள். மாப்பிள்ளையின் பெயரை அவர்கள் எழுதும் முறையில் முழுமையாகப் போட்டு, அவருடைய பெற்றோர் பெயரையும் ஊரையும் கீழே சேருங்கள். 'கார்டிஃப், வேல்ஸ்' என்ற ஒரு வரி இருந்தால் பங்காளி என்ற பேச்சு மண்டபத்துக்குள் வராது. கார்டிஃபில் கொடுக்கும் ஆங்கில அழைப்பிதழில் இருவருக்கும் தாமஸ் என்றே அச்சிடலாம். ஒரு தாமஸ் இன்னொரு தாமஸை மணப்பது வேல்ஸில் யாருக்கும் புதுமை அன்று.